குற்றம் டோஃபுவில் இல்லை

அந்தத் தட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குழம்பை மட்டும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, வெள்ளைத் துண்டுகளை எல்லாம் கறிவேப்பிலையை ஒதுக்குவது போல ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தார்களே, அந்தத் தட்டு. கறிவேப்பிலைக்காவது மணம் கொடுத்த பெருமை உண்டு. டோஃபுவுக்கு அதுவும் கிடைக்கவில்லை. அதைக் குப்பையில் கொட்டிக்கொண்டே நீங்கள் ஒரு தீர்ப்பு எழுதினீர்கள்: "நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது."

அந்தத் தீர்ப்பைக் கிழித்துப் போடத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் அந்தத் தீர்ப்பை எழுதியவள்தான். வீட்டுக்காரருக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் போயிற்று. பனீர் என்றால் உயிரை விடுகிற மனிதர். கடையில் "சோயா பனீர்" என்று அச்சடித்த பாக்கெட் கண்ணில் பட்டது. பெயரிலேயே பனீர் இருக்கிறதே, போதாதா? வாங்கி வந்தேன். பாக்கெட்டை வெட்டித் தண்ணீரைக் கொட்டினேன், துண்டு போட்டேன், கொதித்துக்கொண்டிருந்த பட்டாணிக் குருமாவில் தள்ளினேன். ஐந்தே நிமிடத்தில் சமையல் முடிந்தது. மாமனார்தான் முதல் துண்டை வாயில் போட்டார். மென்றார். மெல்வதை நிறுத்தினார். "ஏம்மா, குருமாவுல சோப்புக் கட்டி ஏதும் விழுந்துடுச்சா?" என்றார். வீடே சிரித்தது. சிரிக்காதவள் நான் ஒருத்திதான்.

அன்றிரவு பாத்திரம் துலக்கும்போது கோபம் தணிந்து யோசித்தேன். நான் அதற்கு என்ன செய்துவிட்டேன்? உப்பைக் குருமாவுக்குப் போட்டேன், அதற்குப் போடவில்லை. நெருப்பை அது பார்க்கவே இல்லை, வெந்நீரில் நீந்திவிட்டு வந்தது. ஒரு வாழைக்காயை நான் இப்படி நடத்துவேனா? சேப்பங்கிழங்கின் வழவழப்பு போக வேகவைத்து, ஆறவைத்து, மசாலா பிரட்டி, மொறுமொறுவென்று முறுகும் வரை அடுப்படியில் தவம் கிடப்பவள்தானே நான்!

நீங்களும் அப்படித்தான். யோசித்துப் பாருங்கள். கருணைக்கிழங்கு தொண்டையை அரிக்கும், அதைப் புளித்தண்ணீரில் வேகவைத்து வழிக்குக் கொண்டுவந்த பரம்பரை உங்களுடையது. பாகற்காயின் கசப்பை வெல்லமும் புளியும் வைத்துப் பேசிச் சரிக்கட்டிய கை உங்களுடையது. வாழைப்பூவில் ஒவ்வொரு மடலாய்ப் பிரித்து, ஒவ்வொரு பூவாய் நரம்பு எடுத்து, மோரில் போட்டு வைக்கிற பொறுமை வேறு எந்த ஊரில் இருக்கிறது? அரிப்பையும் கசப்பையும் துவர்ப்பையும் வென்றவர், அரிக்காத, கசக்காத, துவர்க்காத ஒரு வெள்ளைக் கட்டியிடம் தோற்றுவிட்டேன் என்று சொல்லலாமா? வெட்கமாக இல்லையா?

முதல் தப்பு எங்கே தெரியுமா? பெயரில். "சோயா பனீர்" என்று அழைத்த நொடியிலேயே அதைத் தோற்கடித்துவிட்டோம். பக்கத்து வீட்டுப் பையன் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்லிச் சொல்லி நம் பிள்ளையை வளர்ப்பது மாதிரி. பனீரில் பால் கொழுப்பு இருக்கிறது, வெண்ணெய் மணம் இருக்கிறது. அது சும்மா உட்கார்ந்திருந்தாலே பாதி ருசி. டோஃபு வேறு பிறவி. சோயாவை ஊறவைத்து, அரைத்து, கொதிக்கவைத்து, வடிகட்டி, அந்தப் பாலைத் திரியவைத்துக் கட்டியாக்கியது. திரியவைக்கச் சீனாவில் ஜிப்சம் போடுவார்கள். ஜப்பானில் "நிகாரி", அதாவது கடல்நீரில் உப்பை எடுத்த பிறகு மிஞ்சுகிற கசப்பு நீர். பத்தாம் நூற்றாண்டுச் சீன நூலிலேயே பேர் வாங்கிய பண்டம் அது. இன்னொருவர் பெயரை இரவல் வாங்கிப் பிழைக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. இன்றே அந்தப் பழைய பெயரை நாக்கிலிருந்து துடைத்துவிடுங்கள். பனீர் பட்டர் மசாலாவில் பனீருக்குப் பதிலாக அதைப் போடுவதையும் ஒரு மாதத்துக்கு நிறுத்துங்கள்.

இனி உங்களை ஒரு கடைக்கு அழைத்துப் போகிறேன். சீனாவில் சிச்சுவான் மாகாணத்தின் தலைநகர் செங்டு. நகரின் வடக்கே வான்ஃபு பாலம். 1862 வாக்கில் அந்தப் பாலத்தருகே சென் குடும்பத்தார் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை நடத்தினார்கள். அடுப்படியில் நின்றது அந்த வீட்டுப் பெண்மணி. முகத்தில் அம்மைத் தழும்பு. ஊர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, "மாபோ" என்றது. "மா" என்றால் அம்மைத் தழும்பு, "போ" என்றால் கிழவி. நம் ஊர்ப் பட்டப்பெயர்களின் கொடுமைக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

கடைக்கு வந்தவர்கள் எண்ணெய் சுமக்கும் கூலியாட்கள். கையில் காசு குறைவு. சுமையிலிருந்து கொஞ்சம் எண்ணெயும், வழியில் வாங்கிய துளி மாட்டிறைச்சியும், கொஞ்சம் டோஃபுவும் கொடுத்துச் சமைத்துத் தரச் சொல்வார்களாம், செங்டுவில் இப்படித்தான் கதை சொல்கிறார்கள். அந்த அம்மாள் கையில் இருந்ததிலேயே மலிவான பொருள் டோஃபு. "இதில் ருசியே இல்லையே, இதை வைத்து என்ன செய்வது?" என்று மூலையில் உட்கார்ந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் வாணலியை ஏற்றினார். சிவப்பு மிளகாயும் பெரிய அவரைப் பருப்பும் உப்பும் சேர்த்து மாதக்கணக்கில் புளிக்கவைத்த விழுதை எண்ணெயில் போட்டு, எண்ணெயே சிவக்கும் வரை வதக்கினார். கொத்திய கறியை மொறுமொறுவென்று வறுத்தார். கடைசியில் நாக்கை மரத்துப்போக வைக்கும் சிச்சுவான் மிளகைத் தூவினார். சூடு, காரம், மரமரப்பு. இத்தனை அமளிக்கும் நடுவில் தளதளவென்று அந்த வெள்ளைக் கட்டி, அத்தனையையும் தாங்கிக்கொண்டு.

இன்று உலகம் முழுக்க உணவகப் பட்டியல்களில் அந்தப் பதார்த்தத்தின் பெயர் மாபோ டோஃபு. கேலிப்பெயர் கடையின் பெயர்ப்பலகை ஏறியது. செங்டுவில் அந்தப் பெயரில் இன்றைக்கும் கடை இருக்கிறது. ஊர் தழும்பைச் சொல்லிக் கூப்பிட்டது. நூற்றைம்பது வருடம் தாண்டியும் உலகம் அதே தழும்பைச் சொல்லிப் பசியோடு தட்டை நீட்டுகிறது. உங்களை யாராவது "உனக்குச் சமைக்க வராது" என்று சொல்லியிருக்கிறார்களா? சரி, அதையே பலகையில் எழுதி மாட்டிவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்!

வீரம் மட்டும் போதாது, விவரமும் வேண்டும். அந்தச் சமையலில் கவனிக்க வேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. மாபோ டோஃபு செய்கிறவர்கள் கட்டியை நேரே மசாலாவில் போடுவதில்லை. முதலில் உப்பிட்ட சுடுநீரில் சில நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு எடுப்பார்கள். பச்சைச் சோயா வாடை போகும், துண்டு இறுகி உடையாமல் நிற்கும், உப்பும் கொஞ்சம் உள்ளே இறங்கும். பிறகு மாவுக் கரைசலை ஒரே மூச்சில் ஊற்றாமல் இரண்டு மூன்று தடவையாக விடுவார்கள். ஏனென்றால் டோஃபு சமைக்கச் சமைக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும், மசாலா நீர்த்துப்போய்த் துண்டில் ஒட்டாமல் வழுக்கிவிடும்.

தண்ணீர்! அதுதான் எதிரி. ருசி இல்லை என்று நீங்கள் திட்டியது டோஃபுவை அல்ல, அதற்குள் இருக்கும் தண்ணீரை. அந்தக் கட்டியில் பெரும்பங்கு தண்ணீர்தான். மேற்பரப்பில் ஈரம் இருக்கிற வரை அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் வறுபட்ட மணமும் வேண்டுமானால் ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். நீங்கள் எவ்வளவு நேரம் கிளறினாலும், எத்தனை கரம் மசாலா கொட்டினாலும், ஈரத்தை வெளியேற்றாத வரை அது வெள்ளையாகவே உட்கார்ந்து உங்களைப் பார்த்துச் சிரிக்கும். ஊறவைக்கும் மசாலாவில் எண்ணெய் ஊற்றுவதும் இதனால்தான் வீண். நீர் நிறைந்த வீட்டுக்குள் எண்ணெய் எப்படி நுழையும்?

சரி, எழுந்து வாருங்கள். கெட்டி டோஃபு பாக்கெட் ஒன்று போதும். பட்டுப்போல் வழுக்குகிற மென் டோஃபுவைச் சூப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், வறுவலுக்கு ஆகாது. கட்டியை விரல் தடிமனில் வில்லைகளாக வெட்டுங்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, நாக்கில் வைத்தால் கரிக்கும் அளவுக்கு உப்புப் போட்டு, அதை வில்லைகள் மேல் ஊற்றிப் பதினைந்து நிமிடம் விடுங்கள். தண்ணீரை எடுக்கத் தண்ணீரா என்று கேட்பீர்கள். சூட்டில் புரதம் இறுகி உள்ளே இருக்கும் நீரைத் தானே தள்ளும். உப்பும் ஏறும். பிறகு இட்லித் துணியில் வரிசையாக அடுக்கி, மேலே இன்னொரு துணி மூடி, அதன் மேல் ஒரு தாம்பாளம், தாம்பாளத்தின் மேல் அம்மிக்குழவி. குழவி இல்லாவிட்டால் தண்ணீர் நிரப்பிய குக்கர் வையுங்கள். அரை மணி நேரம். துணி சொட்டச் சொட்ட நனைந்திருப்பதைப் பார்க்கும்போது புரியும், அன்றைக்கு உங்கள் குருமா ஏன் செத்துப்போனது என்று.

அடுத்தது தோசைக்கல். இரும்புக்கல்லாக இருந்தால் உத்தமம். வில்லைகள் மேல் அரிசி மாவையும் சோள மாவையும் சம அளவில் கலந்து, மிளகுத்தூளும் சேர்த்து, பவுடர் போட்டது போல மெலிதாகத் தூவுங்கள். கல் நன்றாகக் காயட்டும். கடலை எண்ணெயை வட்டமாக விட்டு, அது மினுங்கி ஓடும்போது வில்லைகளை இடைவெளி விட்டுப் பரப்புங்கள்.

இப்போதுதான் உங்கள் மனசுக்குச் சோதனை. தொடாதீர்கள்! கை பரபரக்கும். கரண்டியை விட்டு நெம்பத் தோன்றும். முதல் இரண்டு நிமிடத்தில் நெம்பினால் தோல் கல்லோடு போகும், கட்டி உங்களோடு வரும். பயந்தவர்கள் எல்லாரும் தோற்பது இந்த இரண்டு நிமிடத்தில்தான். காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். ஆரம்பத்தில் சடசடவென்று பொரியும், அது மிச்ச ஈரம் ஓடுகிற சத்தம். பிறகு சத்தம் மெலிந்து ஒரே சீராக "ஸ்ஸ்" என்று இறங்கும். ஓரம் பழுப்புக் கோடு கட்டும். கல்லை லேசாக ஆட்டினால் வில்லை தானாக நகரும். அது நகர்ந்தால் திருப்புங்கள். தோசை ஊற்றுகிற கைக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா என்ன?

பொன்னிறமான வில்லையைத் தட்டினால் காய்ந்த சத்தம் வரும். இந்த நிலையில் அது எதையும் ஏற்கும். முன்பு மசாலாவை உள்ளே விடாமல் விரட்டியது, இப்போது சூடாக இருக்கும்போதே குழம்பில் போட்டால் அந்த முறுகிய தோல் சாற்றை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பூண்டைத் தட்டிப் போட்டு, மிளகும் சீரகமும் இடித்துப் போட்டு, கறிவேப்பிலை பொரியவிட்டுப் பிரட்டி எடுங்கள். அல்லது சோயா சாஸ், இஞ்சி, எள், துளி வெல்லம். சோயா சாஸ் வேறு யாரும் இல்லை, அதே விதையைப் புளிக்கவைத்து எடுத்த சாறு. அண்ணன் வந்து தம்பிக்குக் கை கொடுப்பது மாதிரி, பொருத்தம் பிரமாதமாக அமையும். புளிக்குழம்பும் நன்றாக ஏற்கும். தேங்காய்ப்பால் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை; வெள்ளைக்குள் வெள்ளை, மந்தம். உங்கள் கை வேறு விதமாகச் சொன்னால் உங்கள் கையை நம்புங்கள்.

பொறுமை இருக்கிறவர்களுக்கு இன்னொரு வழி. பாக்கெட்டை முழுதாக ஃப்ரீசரில் போட்டு, மறுநாள் வெளியே எடுத்து உருகவிடுங்கள். உறையும்போது பழுப்பு மஞ்சளாக மாறும், பயந்து தூக்கி எறிந்துவிடாதீர்கள். உள்ளே ஐஸ் படிகங்கள் உருவாகிக் கட்டி முழுக்கத் துளைத்துவிடும். உருகிய பிறகு இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துப் பிழிந்தால் ஸ்பஞ்சு போலத் தண்ணீர் கொட்டும். பிறகு அது குழம்பைக் குடிக்கிற வேகமே தனி. ஜப்பானில் கோயா மலைத் துறவிகள் பெயரால் இப்படி உறையவைத்து உலர்த்திய டோஃபு விற்கிறார்கள், "கோயா டோஃபு". கறி தொடாத மடத்துச் சமையலறை கண்ட ருசி அது. குளிரில் உறைந்து ஓட்டை ஓட்டையாகிப் போனதைக் குப்பை என்று எறிந்திருந்தால் அந்த ருசி கிடைத்திருக்குமா?

"இதெல்லாம் சீனாக்காரன், ஜப்பான்காரன் சமாச்சாரம், நம் நாக்குக்கு ஒட்டாது" என்று இன்னும் முனகுகிறீர்களா? பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிப் போன தமிழ் முஸ்லிம்களைக் கேளுங்கள். அங்கே சீனர் நூடுல்ஸையும் பொரித்த டோஃபுவையும் பார்த்து அவர்கள் மிரளவில்லை. மிளகாய் விழுதும் உருளைக்கிழங்கும் சேர்த்து இரும்புச் சட்டியில் புரட்டி "மீ கோரெங்" என்று தட்டில் வைத்தார்கள். இன்று மலேசியாவில் "மாமாக்" எனப்படும் தமிழ் முஸ்லிம் கடைக்குப் போகிற எல்லா இனத்தவரும் அதைத் தங்கள் சமையல் என்றே சாப்பிடுகிறார்கள். பிழைக்கப் போன இடத்தில் கிடைத்த பொருளைத் தன்னுடையதாக்கிக்கொண்ட துணிச்சல் அது. உங்களுக்குத் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கிறது.

1782-இல் ஜப்பானின் ஒசாகாவில் "டோஃபு ஹியாகுச்சின்" என்று ஒரு சமையல் நூல் வந்தது. நூறு சமையல், நூறும் டோஃபு. விற்ற விற்பனையில் அடுத்த ஆண்டே இரண்டாம் பாகம் போட்டார்கள். நூறையும் சாதாரணத்திலிருந்து உச்சம் வரை ஆறு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். உச்ச வகுப்பில் ஏழே ஏழுதான். அந்த ஏழில் ஒன்று என்ன தெரியுமா? கூவைக்கிழங்கு மாவு போன்ற ஒரு மாவைக் கரைத்த கொதிநீரில் டோஃபுவைச் சூடாக்கி எடுப்பது. அவ்வளவுதான், வேறு வேலை இல்லை. ஆனால் துண்டு அசைந்து மேலே மிதக்கப் போகிற அந்தக் கணத்தில் எடுத்துவிட வேண்டும், மிதந்துவிட்டால் பதம் போயிற்று. பதம் பார்க்கிற கண்ணுக்குக் கொடுத்த இடம் அது. பாகு கம்பிப்பதம் வந்துவிட்டதா என்று இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்துப் பார்க்கிறீர்களே, அந்தக் கண் உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பரிமாறும்போது "இதுல புரோட்டீன் ஜாஸ்தி, உடம்புக்கு நல்லது" என்று வாயைத் திறக்காதீர்கள். சொன்ன அந்த நொடியில் அது சாப்பாட்டிலிருந்து மருந்தாகிவிடும். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வைக்கிற பண்டத்தை யாரும் ஆசையாகச் சாப்பிட மாட்டார்கள். "சுமாராத்தான் வந்திருக்கும், பாத்துக்கோங்க" என்கிற பல்லவியும் வேண்டாம். வைத்துவிட்டு நகர்ந்து போய் அடுத்த வேலையைப் பாருங்கள்.

ஆட்டுக்கறி நன்றாக இருந்தால் பாராட்டில் பாதி ஆட்டுக்குப் போகிறது. நெய் ரோஸ்ட் மணத்தால் நெய்க்காரருக்குப் பேர். இறால் தன் ருசியைத் தானே சுமந்துகொண்டு வருகிறது. டோஃபு எதையும் கொண்டு வருவதில்லை, எதையும் மறைப்பதும் இல்லை. தப்புச் செய்தால் தப்பு அப்படியே தட்டில் தெரியும். அதனால்தான் அதைக் கண்டு பயம். ஆனால் நன்றாக வந்துவிட்டால் ஒரு பருக்கைப் பாராட்டைக்கூட நீங்கள் யாருடனும் பங்கு போட வேண்டியதில்லை. முழுக்க முழுக்க உங்கள் கை.

குருமா விழுந்து நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடையில் ஐந்து தடவை தோற்றிருக்கிறேன், யாருக்கும் தெரியாமல் நானே தின்று தீர்த்தேன். அன்றைக்கு உப்புநீர், இட்லித் துணி, குழவி, இரும்புக்கல் எல்லாம் முடித்து, மிளகும் பூண்டும் பிரட்டி, ரசத்துக்குத் தொட்டுக்கொள்ள ஒரு தட்டில் வைத்துவிட்டு அப்பளம் பொரிக்க உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது ரசம் இன்னும் சோற்றில் விழவில்லை, தட்டில் பாதி காலி. மாமனார் விரலைத் துடைத்துக்கொண்டே, "சேப்பங்கிழங்கு நல்லா முறுகலா வந்திருக்கும்மா. எங்க வாங்கின?" என்றார்.

"சேப்பங்கிழங்கு இல்ல மாமா. அன்னிக்குக் குருமாவுல விழுந்துச்சே, அதுதான்."

அவர் கையிலிருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாயில் போட்டுக்கொண்டார்.

"சரி சரி. அந்த சோப்பு இன்னும் ரெண்டு கட்டி கொண்டா."